கலைமானின் நிழலும் கனவான்களின் மாளிகையும்

பாலைவனத்தின் நடுவே உல்லாச மாளிகை எழுப்புவது இந்நாளில் ஒரு தனிக்கலையாக மதிக்கப்படுகின்றது. துபாய் நாட்டு மணல்மேடுகளிடையே 1999-ஆம் ஆண்டில் அல் மஹா என்னும் விடுதி திறக்கப்பட்டது. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துப் பாறைவெளியில் 2009-இல் அமான்கிரி தோன்றிற்று. சவூதி அரேபியாவின் செங்கடற்பகுதி மணற்பரப்பிலே 2023-இல் 'சதர்ன் டியூன்ஸ்' எழுந்தது. இவற்றின் வரைபடங்களும் வண்ணப்படங்களும் கட்டடக்கலை ஏடுகளில் காவியங்களைப்போற் போற்றப்படுகின்றன. இம்மாளிகைகள் நிலத்தை வருத்தவில்லை, நிலத்தோடு இயைந்து நிற்கின்றன என்பதே போற்றுவோர் அனைவரும் வெவ்வேறு சொற்களிற் பாடும் பல்லவி.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஜொகூரில் இருந்துகொண்டு, பாலைவனத்து மாளிகையைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும் என்று தோட்டத்துத் தோழர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் பாலைக்கு இலக்கணம் வகுத்து, அதனைப் பாடுவதற்கென்றே ஒரு திணையை ஒதுக்கிய மொழி நம்முடைய மொழி. அந்த இலக்கணத்தைக் கையில் வைத்திருப்பவன், பாலையிற் கட்டிய வீட்டை மதிப்பிடும் உரிமையும் உடையவன். மேலும், வளைகுடா நாட்டு வெயிலில் நின்று இத்தகைய மாளிகைகளுக்குச் சுவர் வைத்தவரிலும், இன்று அவற்றிற் படுக்கை விரிப்பவரிலும் தமிழர் பலர். அவர்களைப் பற்றி எந்தக் கட்டடக்கலை ஏடு எழுதுகின்றது?

முதலிற் பாலை என்பது யாது எனக் காண்போம். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கும் நிலம் வகுத்த தொல்காப்பியர், நடுவில் நிற்கும் பாலைக்கு மட்டும் தனி நிலம் கொடுத்தாரில்லை. கோடையும் நண்பகலும் அதன் காலம். பிரிவு அதன் ஒழுக்கம். முல்லையும் குறிஞ்சியுமே வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையென்னும் வடிவத்தை அடைகின்றன எனப் பின்னர்ச் சிலப்பதிகாரம் விளக்கிற்று. இதன் பொருளை ஆழ்ந்து நோக்குக. நம் முன்னோர் கண்ட பாலை, படைப்பிலேயே வறண்டு கிடந்த வெற்றிடம் ஆகாது. நன்னிலம் ஒன்றன் துன்பநிலை. மழை பெய்தால் அது மீண்டும் காடாகும். அரேபியாவின் பெருமணல் வேறு வகையினது என்பது உண்மையே. எனினும் அங்கும் பாலை வெற்றிடமன்று. பழங்கிணறுகளும், ஈச்சந்தோப்புகளும், ஆடு ஒட்டிச் செல்வோர் தலைமுறை தலைமுறையாய் அறிந்த வழிகளும் அங்கு உண்டு. ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் அற்புதத்தை எழுப்பினோம் என்று மார்தட்டும் கட்டடக்காரர், அங்கு ஏற்கெனவே இருந்ததைப் படிக்கத் தவறியவராவார்.

பாலையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்தார். பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் சேரர் அவர். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள் 1887-இல் முதன்முதலாக அச்சேற்றிய கலித்தொகையிற் பாலைக்கலி அவர் பாடியது என்பர். அதன் பதினோராம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பொருள் தேடச் செல்லும் தலைவன், தான் கடக்கவேண்டிய காட்டின் கொடுமையைத் தலைவிக்கு முன்னமே சொல்லியிருக்கின்றான். நிலம் அடிவைக்கவொண்ணாது சுடும், மரங்களில் இலையில்லை, நிழலில்லை. ஆனால் அக்கொடிய காட்டிலேயே மூன்று காட்சிகள் உண்டென்றும் அவன் சொல்லியிருக்கின்றான். யானைக்கன்று காலால் உழக்கிக் கலக்கிவிட்ட கொஞ்ச நீரை, ஆண் யானை முதலிற் பிடிக்கு ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்ணும். வெம்மையால் வாடும் பேடைக்கு ஆண்புறா தன் மெல்லிய சிறகை அசைத்துக் காற்றுத் தரும். ஒதுங்க நிழலின்றித் துன்புறும் பெண்மானுக்குக் கலைமான் தன் உடம்பின் நிழலையே கொடுத்துக் காக்கும்.

நீர், காற்று, நிழல்! உலகத்துப் பாலைவனக் கட்டடக்கலை முழுவதும் இம் மூன்றிற்குள் அடங்கிவிடுகின்றது. தண்ணீரைச் சேமிப்பது எப்படி, காற்றை வீட்டினுள் வரவழைப்பது எப்படி, வெயிலை மறைப்பது எப்படி என்னும் கேள்விகளுக்கு விடை காண்பதே அக்கலைஞனின் தொழில். பழங்காலத்துப் புலவர் ஒருவர் அம் மூன்றையும் ஒரே பாட்டிற் கோத்திருப்பது வியப்பே. ஆயினும் அவர் பாடியது பொறியியல் நூலன்று. கொஞ்ச நீரை யார் முதலிற் குடிப்பது என்பதே அவர் காட்டிய நுட்பம். கலைமான் வெயிலில் நிற்கின்றது. அது நிற்பதனாலேயே பெண்மானுக்கு நிழல் உண்டாகின்றது. பாலையிலே ஒருவர்க்கு நிழல் கிடைத்தால், அந்நிழலுக்காக வெயிலில் நிற்பவர் இன்னொருவர் இருக்கின்றார் என்பது இதனாற் பெறப்படும். அவர் யார், அவர் விரும்பி நிற்கின்றாரா, நிறுத்தப்பட்டாரா என்பதைக் கேளாமல் ஒரு மாளிகைக்கு மதிப்பெண் போடுவது குருட்டு விமரிசனம்.

(அப்பாட்டின் முடிவிற் பல்லி நல்ல சகுனம் சொல்லுகின்றது, தலைவியின் இடக்கண்ணும் துடிக்கின்றது. பல்லிக்குப் பலன் பார்ப்பதை நம் தோட்டத்துக் கிழவிகளிடமே விட்டுவிடுவோம். பாட்டின் பெருமை அதனாற் குறையாது.)

இனி மாளிகைகளுக்கு வருவோம். பாலையிற் பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை மிகவும் வேறுபடும். ஆதலின் அங்கே மண்ணாலோ கல்லாலோ தடித்த சுவர் வைப்பது அறிவுடைமை. பகல் வெம்மை சுவருக்குள் மெல்ல ஊர்ந்து, மறுபுறம் வந்து சேர்வதற்குள் இரவாகிவிடும். இரவின் குளிர்ச்சி சுவரை மீண்டும் ஆற்றிவிடும். எகிப்து நாட்டின் ஹசன் ஃபாத்தி என்னும் கலைஞர் 1940-களில் லக்சர் நகருக்கு அருகே நியூ குர்னா என்னும் ஊரைப் பச்சைச் செங்கல்லாற் கட்டினார். நூபியக் கொத்தர்கள் சாரமின்றியே கவிகை மாடம் வளைக்கும் வித்தையை உலகிற்கு எடுத்துக் காட்டினார். எளியோருக்காகக் கட்டிய வீடுகள் அவை. ஆயினும் யாருக்காகக் கட்டினாரோ அவருட் பெரும்பாலோர் அங்கே குடியேற மறுத்துவிட்டனர். அரசினர் தம்மைப் பழைய இடத்தினின்று பெயர்க்கின்றனர் என்பதே அவர்களுடைய மனக்குறை. எத்துணை நல்ல சுவரானாலும், குடியிருப்போர் இசைவின்றி எழுந்தால் அது சுவர் மட்டுமே.

ஏழைக்கு என்று ஃபாத்தி மீட்டெடுத்த மண்சுவர், இன்று செல்வர் ஓய்வெடுக்கும் இடங்களிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது. எகிப்தின் சீவா சோலையில் உள்ள அட்ரேர் அமெல்லால் என்னும் விடுதி இவ்வகையில் மிகச் சிறந்தது என்பேன். உப்பும் களிமண்ணும் கலந்து உறைந்த 'கர்ஷிஃப்' கட்டிகளால் அதன் சுவர்கள் ஆனவை. அறைகளில் மின்விளக்கு இல்லை, மெழுகுவத்தி எரிகின்றது. அவ்வூர்க் கொத்தரின் கைத்தொழில் அழியாமல் நிற்க அவ்விடுதி துணை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதே கர்ஷிஃபால் ஆன சாலி என்னும் பழங்கோட்டை ஊர், 1926-இற் பெய்த மூன்று நாள் மழையிற் கரைந்து பாழாயிற்று. அவ்வூரார் வெளியேறி வேறு வீடு கட்டிக்கொண்டனர். மண்சுவரின் அழகைப் பாடும் விருந்தினர் மூன்று இரவு தங்கிப் போகின்றவர். மூன்று நாள் மழைக்கு அஞ்சவேண்டியவர் அவ்வூரார்.

நம் இந்தியாவிலே இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. இராஜபுதனத்துத் தார்ப் பாலையில் 1156-இல் நிறுவப்பட்ட ஜெய்சால்மர் நகரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மஞ்சட் கல்லாற் கட்டிய கோட்டை; அதனுள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்; நம் ஊரில் டிசம்பர் மாதத்து அடைமழை ஒரே வாரத்தில் அவ்வளவைக் கொட்டிவிடும். பெய்யும் துளியெல்லாம் கடிசர் ஏரியிலும், வீட்டு முற்றத்து நிலத்தொட்டிகளிலும் சேர்ந்தன. பெண்கள் குடத்திற் சுமந்து வந்த நீரால் முதலிற் குளிப்பர். குளித்த நீராற் பாத்திரம் கழுவுவர். எஞ்சியது மாட்டுக்கோ செடிக்கோ போகும். கோட்டைக்குள் இருந்த சாக்கடைகள் அந்தக் கொஞ்ச நீருக்கே அளவெடுத்தவை. கோட்டை நிற்கும் குன்றோ கெட்டிப் பாறையன்று. இளகிய களிமண்ணும் மென்கல்லும் அடுக்கடுக்காய்ப் படிந்தது. வறட்சியே அக்குன்றின் வலிமை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உல்லாசப் பயணிகள் வந்தனர். பழைய வீடுகள் விடுதிகளாயின. குழாய்த் தண்ணீர் வந்தது. விருந்தினர்க்கெனக் குளியலறைகளும் கழிப்பறைகளும் பெருகின. வடிகால் தாங்கவில்லை. நீர் குன்றினுட் கசிந்தது; களிமண் ஊறி இளகிற்று. எண்ணூறு ஆண்டு காலம் படையெடுப்பையும் மணற்காற்றையும் தாங்கிய கொத்தளங்கள் சில, 1990-களின் பிற்பகுதியிற் சரிந்து விழுந்தன. உலக நினைவுச்சின்ன நிதியத்தார் அக்கோட்டையை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தனர். பாலை நிலத்துக் கோட்டை தண்ணீரால் இடிந்த இந்த விந்தையை எந்தப் புலவன் கற்பனை செய்வான்? அங்கு நேர்ந்த கேட்டுக்கு வெயில் காரணமன்று. கொஞ்ச நீரை முதலில் யாருக்கு, எவ்வளவு என்னும் வரிசை மாறியதே காரணம்.

இந்த அளவுகோலை அல் மஹாவின்மேல் வைத்துப் பாருங்கள். அங்கே விருந்தினர் தங்கும் ஒவ்வொரு மனைக்கும் தனித்தனி நீச்சற்குளம் உண்டு. விடுதியைச் சுற்றி 225 சதுர கிலோமீட்டர் நிலம் 2003 முதல் காப்புக்காடாய் வேலியிடப்பட்டு, அருகிப்போன அரேபிய ஓரிக்ஸ் மான்கள் அங்கே பெருகியிருக்கின்றன. இது நற்செயல், மறுப்பார் யார்? ஆனால் மானுக்கு நிழல் கொடுத்த புண்ணியத்தைக் காட்டி, மணல்நடுவே குளத்துக்குமேற் குளம் வெட்டிய கணக்கைத் தீர்த்துவிட முடியுமா? செங்கடற்பகுதி விடுதிகள் கதிரவன் ஆற்றலாலேயே இயங்குகின்றன என்பதும் பாராட்டத்தக்கதே. அத்தகைய கரையோரப் பாலைகளில் நன்னீரைக் கடலினின்று பிரிப்பதே வழக்கம். ஒரு லிட்டர் நன்னீர் எடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொடிய உவர்நீர் மிஞ்சும் என்று உலகளாவிய ஆய்வொன்று 2019-இற் கணக்கிட்டது. அவ்வுவர்நீர் பெரும்பாலும் கடலுக்கே திரும்புகின்றது. அமான்கிரியின் சுவர் அப்பகுதி மணலின் நிறத்துக்கு ஒப்பக் கலந்து வார்த்த காங்கிரீட்டு; தூரத்தினின்று பார்த்தால் பாறையும் வீடும் பிரித்தறிய ஒண்ணாது. கண்ணுக்கு மறைவதால் நிலத்துக்குப் பாரமில்லை என்று ஆகிவிடாது.

இவ்வளவும் அயல்நாட்டுக் கதை என்று எண்ணற்க. 'இயற்கையோடு இயைந்த உல்லாச மாளிகை' என்பதைக் குளுவாங்கிலும் லாபிசிலும் ரெங்கத்திலும் நம் பாட்டன்மார் நாள்தோறும் அண்ணாந்து பார்த்தனர். அதன் பெயர் துரை பங்களா. குன்றின் உச்சியில், காற்று வரும் திசை பார்த்து, உயர்ந்த கூரையும் அகன்ற தாழ்வாரமும் நீண்ட சன்னல்களுமாக அது நின்றது. ஜொகூரின் வெம்மை பாலையின் வெம்மை போன்றதன்று. இங்கே காற்றில் ஈரம் மிகுதி, இரவும் அதிகம் குளிர்வதில்லை. ஆகவே தடித்த சுவர் இங்கே பயன்படாது. முற்றத்துக் குளம் குளிர்ச்சி தராது, கொசுவைத்தான் தரும். இங்கே வேண்டுவன நிழலும் ஓடும் காற்றும். பங்களாவைக் கட்டியவனுக்கு இந்தச் சூத்திரம் நன்றாகத் தெரிந்திருந்தது. மின்விசிறியில்லாத நாளிலும் துரைமகன் அங்கே இன்பமாய் உறங்கினான்.

அதே தோட்டத்தில், அதே நிருவாகத்தின் கீழ், குன்றின் அடிவாரத்தில் லயங்கள் எழுந்தன. தாழ்ந்த தகரக் கூரை, சிறு சன்னல், அடுத்தடுத்து ஒட்டிய அறைகள். நண்பகலிற் பாலைக்காடு எப்படியிருக்கும் என்று அறிய விரும்பியவன் கலித்தொகையைப் புரட்ட வேண்டியதில்லை. பால் எடுத்துத் திரும்பி வந்து, பன்னிரண்டு மணிக்கு அத்தகரத்தின் கீழ் அரைமணி நேரம் படுத்திருந்தாற் போதும். பங்களாவுக்குத் தெரிந்த சூத்திரம் லயத்துக்குத் தெரியாமற் போனது எப்படி? அறியாமையா? இல்லை, சூத்திரத்தை அறிந்தவரே அதனைப் பங்கிட மறுத்தனர். ஈரக்காடு செழித்த ஜொகூரிலே, தகரத்தின் அடியில் ஒரு பாலை உண்டாக்கப்பட்டது. நன்னிலம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்ற சிலப்பதிகார விளக்கத்துக்கு இதைவிட நல்ல உரை வேறில்லை.

அவ்வுரைக்கு அண்மைக் காலத்து இணைப்பு ஒன்றும் உண்டு. கேலாங் பாத்தாவுக்குத் தெற்கே, தஞ்சோங் கூப்பாங் கடலோரத்தில், மலேசியாவின் மிகப்பெரிய கடற்புல் வெளிகளுள் ஒன்று இருக்கின்றது. அதன் அருகே மணலைக் கொட்டித் தீவுகள் எழுப்பும் வேலை 2014-இல் தொடங்கிற்று. ஏழு லட்சம் மக்கள் வாழப்போகும் நகரம் என்றனர். 'வன நகரம்' என்னும் பொருள்பட ஃபாரஸ்ட் சிட்டி என்று பெயரும் சூட்டினர். மாடிச் சுவர்களிற் செடிகொடிகளை ஏற்றினர். வந்து குடியேறியவர் எதிர்பார்த்ததில் மிகச் சிறு பங்கினரே. கட்டிய சீன நிறுவனம் 2023-இற் கடன் திருப்ப முடியாமல் தவித்தது. முல்லையும் குறிஞ்சியுமே பாலையாகும் என்றார் முன்னோர். நெய்தலும் ஆகும் என்பதை நாம் கண்டுவிட்டோம். கடலை மணலாக்கி, மணலுக்கு வனம் என்று பெயரிட்டு, சுவரிலே செடி தொங்கவிட்டால் அது பசுமைக் கட்டடம் என்றால், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு யாது?

இங்குத்தான் பாலையின் உரிப்பொருள் நினைவுக்கு வருகின்றது. பாலைக்கு உரியது பிரிவு. அதிலும் பொருள்வயிற் பிரிவே பெரும்பாலானது. செல்வர் தம் காதலியரோடு சேர்ந்து பாலைக்குப் போய்க் குளத்தருகே சாய்ந்திருப்பது, திணை மயக்கத்திலும் புதியதொரு மயக்கம். இலக்கணம் சொல்லும் பாலைத் தலைவனைத் தேடினால், அவன் அந்த மாளிகையின் பின்கட்டில் இருக்கின்றான். இராமநாதபுரத்திலோ தஞ்சையிலோ மனைவியை விட்டு வந்து, கல் சுமந்தவனும் தோட்டம் கூட்டுகின்றவனுமே பெருங்கடுங்கோவின் தலைவன். ஐக்கிய அரபு நாட்டில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, பகல் பன்னிரண்டரை மணிமுதல் மூன்று மணிவரை திறந்தவெளியில் வேலை வாங்குதல் கூடாது என்னும் ஆணை ஏறத்தாழ இருபதாண்டுகளாக நடப்பில் உள்ளது. நண்பகலைப் பாலையின் பொழுது என்று தொல்காப்பியர் வகுத்தார். அப்பொழுதின் இரண்டரை மணி நேரத்துக்குச் சட்டம் நிழல் தந்திருக்கின்றது. அந்நிழலின் கீழ் அவன் எங்கே உட்காருகின்றான், இரவில் எத்தனை பேரோடு ஓர் அறையில் உறங்குகின்றான் என்பதும் வரைபடத்தில் இருக்கவேண்டாவா? விருந்தினர் அறையின் சுவர்த் தடிப்பை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதும் ஏடுகள் இதனை ஏன் அளப்பதில்லை?

நம் நாட்டிலே தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த 446-ஆம் சட்டம் 1990-இற் பிறந்தது. நெடுங்காலம் அது தோட்டங்களையும் சுரங்கங்களையுமே பெரிதும் நோக்கி நின்றது. 2019-இல் திருத்தப்பட்டு, 2020 முதல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. தெசாருக் கடற்கரையிலே எழுந்துள்ள உல்லாச விடுதிகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும், நேப்பாளத்தினின்றும் வங்கத்தினின்றும் வந்து அவர்களோடு உழைப்போரும் அச்சட்டத்தை ஒருமுறை படித்துவைப்பது நன்று.

ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயிலும் தமிழ் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பழைய அரண்மனைகளையும் பங்களாக்களையும் அளந்து வரையும் பயிற்சி உங்களுக்குத் தரப்படுகின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிபட்டு வருகின்றன. நிற்கின்றவற்றுள் ஒன்றையேனும், கூரையின் உயரம், சன்னலின் அகலம், தண்ணீர்க் குழாய்க்கு நடந்த தூரம், நண்பகலில் உள்ளே நின்ற வெப்பநிலை ஆகியவற்றோடு அளந்து வரைந்துவையுங்கள். அதே தோட்டத்துத் துரை பங்களாவையும் அதே அளவையில் வரையுங்கள். பாலைவன மாளிகைகளின் வண்ணப்படங்கள் அடுத்தமுறை உங்கள் வகுப்பிற் காட்டப்படும்போது, இவ்விரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஆசிரியரைக் கேள்வி கேட்கலாம்.